நெய்வேலியில் ஓர் இலை

ஓர் ஊரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், குளத்தைப் பார்க்கிறார்கள், கலெக்டர் ஆபீஸைக்கூடப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த ஊர் ஹோட்டலை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த அலட்சியம் கட்டுப்படியாகாது. வீட்டுக்குள் என்ன சமைக்கிறார்கள் என்பது குடும்ப விஷயம். காசு கொடுக்கிற அன்னியனுக்கு எதைப் பரிமாறுகிறார்கள், எதைப் பரிமாறக் கூச்சப்படுகிறார்கள் என்பதில்தான் ஊரின் குணம் வெளியே தெரிகிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் நெய்வேலி ஒரு விசித்திரமான ஊர்.

நகரியம் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, ஆராய்ச்சிகள் நடந்து, 1956-ல் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. மண் வாரும் ராட்சச இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையத்துக்கு ரஷ்யர்கள் உதவினார்கள். இதற்கெல்லாம் இடம் வேண்டியிருந்ததால் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அளவெடுத்த சாலைகளும், எண் போட்ட வட்டங்களும், ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடங்களும், பஜாரும் எழுந்தன. தஞ்சாவூர்க்காரரும் மதுரைக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் அடுத்தடுத்த வாசலில் கோலம் போட்டார்கள்.

பல சீமை ஜனங்கள் ஒன்றாகக் கூடிய இடத்தில் ஹோட்டல்காரர் என்ன சமைப்பார்? யாருக்கும் விரோதமில்லாததைச் சமைப்பார். இட்லி, தோசை, பொங்கல், பூரி. மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு சாப்பாடு. உடுப்பிக்காரர்கள் சென்னையில் வகுத்துக் கொடுத்த பாடத்திட்டம் இது. தமிழ்நாடு முழுவதும் அதையே ஒப்பிக்கிறது. நெய்வேலியும் தப்பில்லாமல் ஒப்பிக்கிறது. பிற்பாடு பரோட்டா வந்து சேர்ந்தது. அதற்கும் பிற்பாடு வந்தவற்றின் பெயர்களை நான் சொல்வதைவிட ஒரு சர்வர் சொன்னதையே சொல்லிவிடுகிறேன்.

அவன் இருபது வயதுப் பையன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஹோட்டல்.

"தம்பி, இந்தப் பக்கத்துப் பண்டமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, சில்லி பரோட்டா..."

"அதெல்லாம் இந்த ஊரா?"

"இந்த ஊர்லதான் சார் போடறோம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. சொந்த ஊர் எது என்று விசாரித்தேன். விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னான். நேற்று ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டதும், பக்கத்து மேஜையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்து, "கருவாட்டுக் குழம்பு சார். பலாக்கொட்டை போட்டு அம்மா வெச்சிருந்தாங்க" என்றான்.

குரல் எதற்காகத் தணிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். கடலூர்த் துறைமுகத்தில் இறங்கும் மீனில் பச்சையாக விற்றது போக மிச்சம் உப்பில் ஊறி, மணலில் காய்ந்து, உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகிறது. பண்ருட்டிச் செம்மண்ணில் பலா காய்க்கிறது. சுளை வியாபாரிக்கு, கொட்டை வீட்டுக்கு. அந்தக் கொட்டையைக் கோடைக்கு அப்புறமும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து வந்த உப்பும், காட்டிலிருந்து வந்த மாவுச்சத்தும், கொல்லைக் கத்தரிக்காயும் புளியில் சேர்ந்து கொதிக்கிற அந்தச் சட்டியில் பழைய தென்னாற்காடு ஜில்லா முழுவதும் இருக்கிறது. கொட்டை கருவாட்டின் உப்பை வாங்கிக்கொண்டு, தன் மாவைக் குழம்புக்குக் கொடுத்துவிடும். மறுநாள் காலையில் பழையதோடு தொட்டுக்கொண்டால் இன்னும் விசேஷம். இதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை இலையில் போடுகிற ஹோட்டலை நான் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கருவாடு மட்டுமல்ல. அந்த மண்ணில் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்தன. நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று செல்லப் பெயர். மணிலாக்கொட்டைதான் அப்படித் தேய்ந்து போயிற்று. முந்திரி போர்த்துக்கீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்த மரம். நெய்வேலியைச் சுற்றி அது காடாகவே ஆகிவிட்டது. பருவத்தில் பச்சை முந்திரிப்பருப்பைத் தோலுரித்துக் குழம்பு வைப்பார்கள். வறுத்த பருப்பை மட்டுமே அறிந்தவர்களுக்கு அதன் ருசியை எழுதிக் காட்ட முடியாது. ஹோட்டலில் முந்திரி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பொங்கலில் இரண்டு துண்டு இருந்தது.

ஹோட்டலின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது அதர்மம். நெய்வேலிச் சுரங்கம் தொடங்கிய அதே 1957-ல்தான், சென்னையில் ஹோட்டல் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அன்று சாதாரணக் கேள்வி அல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்கிற இடங்களில் காண்டீனுக்கு வழி செய்தது. ஷிப்டு முடிந்து வருகிற பல ஜாதிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிட்டார்கள் என்றால், அந்தச் சாம்பார் எவ்வளவு நீர்த்திருந்தாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் அடையாளமே இல்லாத இட்லிக்கு இப்படி ஒரு பெருமை உண்டு. எவனும் அதைத் தன் ஜாதிப் பண்டம் என்று கொண்டாட முடியாது. எவனும் அதைப் பார்த்து மூக்கைப் பிடிக்கவும் முடியாது.

ஆனால் பொது இலை போட்டபோது ஒருவரைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவரை. வந்தவர்கள் எல்லோருக்கும் சம்மதமான பண்டம் எது என்று பார்த்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர் என்ன சாப்பிட்டார் என்று பார்க்கவில்லை. அவருடைய கூழ் ஏழைச் சாப்பாடு என்று ஆயிற்று. அவருடைய குழம்பு நாற்றம் என்று ஆயிற்று. அவருடைய பேரன் ஹோட்டலில் சர்வராக நின்று மஞ்சூரியனைப் பெருமையோடும் அம்மாவின் சமையலை ரகசியமாகவும் சொல்கிறான்.

ஏழைச் சாப்பாடு என்பதால்தான் ஹோட்டலுக்கு வரவில்லை என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்குச் சம்மதமில்லை. ஸ்பெயின் தேசத்தில் மலாகா என்று ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கே மத்தி மீனைக் குச்சியில் கோத்து, மணலில் விறகு மூட்டிச் சுட்டுக் கொடுப்பார்கள். வலைக்காரர்கள் பசிக்குத் தின்றது அது. இன்று வெளிநாட்டார் அதற்காகவே கடற்கரைக் கடைகளில் காத்திருக்கிறார்கள். வாலென்ஸியாவின் பயெல்லா என்ற சோறும் வயல் வேலைக்காரர் முயலையும் அவரையையும் போட்டுப் பொங்கியதுதான். நம் கடலூரிலும் மத்தி உண்டு. அதன் தங்கை முறையான கவலை உண்டு. கவலை என்பது இங்கே மீனின் பெயர். வாசகர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் மேஜை போட்ட ஹோட்டலில் கேட்டால் வஞ்சிர வறுவலைத்தான் நீட்டுவார்கள். விலை உயர்ந்தது என்றால் மரியாதையானது என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

அவ்வளவு தூரம் போவானேன், சிதம்பரத்தையே பார்க்கலாம். நடராஜர் சந்நிதியின் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் கோயில் மதிலைத் தாண்டி ஹோட்டலுக்கு வந்துவிட்டன. இட்லிக்குக் கொத்சு வைக்காவிட்டால் அந்த ஊரில் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்வாமி சாப்பிட்டதால் கொத்சுக்குச் சிபாரிசு கிடைத்தது. குடியானவன் சாப்பிட்டதற்கு யார் சிபாரிசு செய்வது?

வடலூரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நெய்வேலிக்கு அடுத்த ஊர்தான். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. அந்தப் பிரதேசத்தில் வெளியில் போய்ச் சாப்பிடுவது என்ற வழக்கம் ஹோட்டல்களுக்கு முந்தியது என்பதற்கு அது சாட்சி. பில் வராத இடத்தில் விமர்சகனுக்கு வேலை இல்லை.

இதற்குள் மூலப்பொருளே குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் கொஞ்சம் பயமான சேதி. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் ஒரே விடியலில் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்துப் போட்டது. பலாக்கன்று வைத்தால் காய்க்கப் பல வருஷம் ஆகும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. ரஷ்யர் உதவியில் எழுந்த முதல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. வயலை வாங்குகிற வேலை மட்டும் ஓயவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத குழம்பு, பாடப்புத்தகத்திலும் இல்லாமல் வீட்டுச் சட்டியோடு நின்றுவிட்டால், கொட்டைக்கு மரம் இல்லாத நாளில் அதை யார் தேடப் போகிறார்கள்?

ஒரேயொரு இடத்தில் அந்தப் பழைய சாப்பாட்டை நான் விலைக்கு வாங்கினேன். மந்தாரக்குப்பம் போகிற வழியில், புளியமர நிழலில், ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளிகள்; ஒரு கார்க்காரர் டாக்டர் சொன்னார் என்று சர்க்கரை வியாதிக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். வெங்காயம், மாங்காய், மோர்மிளகாய், வறுத்த கருவாடு எல்லாம் தட்டுகளில் இருந்தன. சோம்பு பெரிது, கூழ் நன்றாகப் புளித்து, மோர் விட்டுக் கரைத்திருந்தது. உட்கார இடம் இல்லை.

"கருவாடு கொஞ்சம் வையுங்கம்மா" என்றேன்.

"இப்பத்தான் தீர்ந்துது சாமி. பத்து மணிக்கே வந்திருக்கணும். மோர்மிளகாய் எடுத்துக்குங்க" என்றார்.