கல்முனையிலும் காயலிலும் குளிர்க்குழாய்ச் சோதனை

மூத்த சகோதரனைக் 'காக்கா' என்று அழைக்கும் வழக்கிலும், உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியை அரித்து அதன் அலுமினியத் தகடுகளை மாவாய் உதிர்க்கும் விதத்திலும், கல்முனைக்கும் கடலுக்கு அப்பாலுள்ள காயல்பட்டினத்துக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். ஆகவே, ஒழுகிய குழாயைப் பற்றவைத்த பின்னர், கேஸ் அடிப்பதற்கு முன்னர், அக்குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை இரு கரைகளிலும் அன்றாடக் காரியமாகிவிட்டது.

இதற்கு உரிய வாயு உலர்ந்த நைதரசன் ஒன்றே. இந்தியத் தமிழர் அதனை நைட்ரஜன் என்பர். அது எரியாது, எண்ணெயோடு வினைபுரியாது, ஈரத்தையும் உள்ளே கொண்டுவராது. பற்றவைக்கும் வேலைக்கென்று பக்கத்திலேயே நிற்கும் ஒட்சிசன் சிலிண்டரைக் கண்டு, 'இதுவும் காற்றுத்தானே' என்று அதைத் திறந்துவிடுபவன், கம்ப்ரசரிலுள்ள எண்ணெய்மீது அமுக்கப்பட்ட ஒட்சிசன் பட்டால் தீப்பொறியின்றியே வெடிக்கக்கூடும் என்பதை அறியாமலேயே தன் பிராணனைப் பணயம் வைக்கிறான். பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரைக் காற்றுப் பம்பாக உபயோகிப்பதும் நிரபாயமானதன்று. ஈரம் புகும் என்பது ஒருபுறமிருக்க, குழாயில் எஞ்சிய ஆர்-22 என்னும் குளிர்வாயு மிகுந்த அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் அதுவும் எரியத்தக்கதாகிவிடும்.

இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு விதிகள் சிலிண்டர்களை ஆள்கின்றன. சாம்பல்நிற உடலும் கறுப்புக் கழுத்தும் நைதரசனுக்கு, உடல் முழுதும் கறுப்பு ஒட்சிசனுக்கு என்பது அங்குள்ள நியமம். ஐரோப்பிய முறையிலோ கறுப்புத் தோள் நைதரசனைக் குறிக்கும். வளைகுடாவில் பலநாட்டுச் சிலிண்டர்களோடு பழகித் திரும்பிய நம்மூர்த் தொழிலாளி, நிறத்தை நம்பாது பெயரை வாசித்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. பயிற்சியைப் பொறுத்தமட்டில் எவரும் பின்தங்கியவரல்லர்: ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளிர்வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன, இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குளிர்ச்சித் திட்டம் ஒரு லட்சம் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்க எண்ணியது, இங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இக்கலையைக் கற்பிக்கின்றன. மெய்யான பேதம் தூரத்தில் இருக்கிறது. காயலுக்குத் தூத்துக்குடி என்னும் ஆலைநகரம் அண்டையில். கல்முனைக்கோ கொழும்பு, மலைநாட்டையும் காட்டையும் தாண்டி ஒரு நாட்பிரயாணம். கிட்டாத வாயுவுக்குப் பதிலாகக் கிட்டிய வாயுவை எடுக்கும் சோதனை மனத்துக்கு நேர்வது இங்கேதான் அதிகம்.

நைதரசனும் சாதுவான வஸ்துவன்று. நிரம்பிய சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,200 இறாத்தல் அழுத்தம் அடைபட்டிருக்க, ஆர்-410ஏ வகை ஏசிக் குழாய்களுக்குச் சோதனையின் உச்சம் 600 இறாத்தல் அளவே. ஆதலால் ரெகுலேட்டர் இன்றி நேராக இணைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். ரெகுலேட்டரின் திருகை முற்றாகத் தளர்த்தி, ஒருபுறம் ஒதுங்கி நின்று, வால்வை மெல்லத் திறந்து, முதலில் 70 இறாத்தலில் ஐந்து நிமிஷம், பின் 220இல் ஐந்து நிமிஷம் நிறுத்திச் சவர்க்கார நுரையால் மூட்டுகளைப் பார்த்து, அதன் பின்னரே பெயர்ப்பலகை அனுமதிக்கும் எல்லைவரை ஏற்றி, சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஒருநாள் காத்திருப்பது முறை. பிரிட்ஜுக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்குரிய எல்லை மிகக் குறைவு. இன்னொன்று: சுபஹு வேளையில் 26 பாகையில் 600 காட்டிய கேஜ், லுஹர் வேளையில் 34 பாகையில் ஏறத்தாழ 16 இறாத்தல் கூடக் காட்டும், பகலில் ஏற்றியவன் இரவில் அது குறையக் கண்டு, இல்லாத ஒழுக்கைத் தேடிக் களைக்கிறான். வெப்பநிலையையும் கூடவே எழுதிவைத்தால் இந்த வீண்சிரமம் இராது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் பட்டறைக்காரர் நால்வர் கூடி, ஒரு நைதரசன் சிலிண்டரையும் நல்ல ரெகுலேட்டர் ஒன்றையும் பொதுவுடைமையாக வைத்துக்கொண்டால் செலவு நாலில் ஒன்றாகும். அச்சிலிண்டரை நிழலில், சங்கிலியால் சுவரோடு பிணைத்து, நிமிர்த்தி, ஒட்சிசன் சிலிண்டர் நிற்கும் மூலைக்கு எதிர்மூலையில் நிறுத்துவார்களாக.