வரிசையில் பழகும் பாஸ்

உடற்கல்வி வகுப்பில் கால்பந்து பாஸ் சொல்லித்தருவதென்றால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். முன்னால் நிற்பவர் பந்தைத் தட்டிவிட்டு ஓடிப்போய் எதிர்வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உதைக்கும் காலின் கணுக்கால் இறுகி, உள்பாதம் பந்தின் நடுவில் பட வேண்டும். ஊன்றும் கால் ஒரு சாண் பின்தங்கினால் பந்து எழும்பிவிடும். இதை ஒவ்வொரு பிள்ளையிடமும் கவனித்துத் திருத்த வரிசை வசதியானது. ஆனால் பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை அங்கே வரிசையே முடிவுசெய்துவிடுகிறது. ஆட்டத்திலோ பந்து காலுக்கு வருமுன்பே தலைநிமிர்ந்து பார்த்தவர்தான் நல்ல பாஸ் கொடுக்கிறார். அந்தப் பார்வைக்கு வரிசையில் வேலையே இல்லை.

இங்கிலாந்தின் லஃப்பரோவில் பங்கரும் தோர்ப்பும் 1982-இல் முன்வைத்த, ஆட்டத்தைப் புரியவைத்து அதன்வழியே திறனைக் கற்பிக்கும் முறை, இந்தக் குறையிலிருந்துதான் கிளம்பியது. நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கம் வென்றபோது பயிற்சியாளராக இருந்த ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். டிரிப்ளிங் கூடாது என்ற விதியோடே அவர் போட்டிகள் நடத்தினார். தட்டிக்கொண்டு ஓட வழியில்லாதபோது கண் தானாகவே கூட்டாளியைத் தேடும்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து பந்து, இதில் ஆட்டமெல்லாம் எங்கே நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் வரிசையிலும் ஒரு பந்துக்கு எட்டுப் பேர்தான். அதே எட்டுப் பேரில் ஆறு பேரை வட்டமாக நிறுத்தி, இருவரை நடுவில் பந்தைப் பறிக்கவிட்டால், கூடுதலாக ஒரு பந்தும் வேண்டாம்; மற்றவர்கள் வெறுமனே காத்திருக்கவும் வேண்டாம். அந்தமானில் முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் போன்ற ஊரில் இது இன்னும் பொருந்தும். மேடும் பள்ளமுமான அந்த நகரில் சமதளம் அரிது. வட்டத்துக்குச் சின்ன முற்றம் போதும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் அது. நீர் தேங்கிய புல்லில் பந்து பாதியில் நின்றுவிடும், ஈரச் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். தரைக்கேற்ற வேகத்தைப் பறிக்க வருபவர் எதிரே நிற்கும்போதுதான் கால் கற்றுக்கொள்ளும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பந்தை நிறுத்தவே தெரியாத பிள்ளை வட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்று, ஆட்டத்தையே வெறுத்துவிடலாம். உண்மைதான். அவர்களுக்கு முதல் பத்து நிமிடம் வரிசை தேவை. பிறகு நடுவில் இருவருக்குப் பதில் ஒருவரை விட்டால் நேரம் கிடைக்கும். வரிசையோடு வகுப்பை முடித்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மதிப்பெண்ணும் கோனுக்குக் கோன் எத்தனை பந்து போனது என்பதற்கு மட்டுமே தரப்படுமானால், பந்தைக் கொடுத்தபின் வெற்றிடம் தேடி நகர்கிற பிள்ளையின் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.