‘அவனுக்கு வேணும்’ என்கிற நீதி

எங்க தெருவுல ஒருத்தனைப் போலீஸ் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனா, ஊர்த்தெரு ஆளுங்க சொல்ற வார்த்தை ஒண்ணு உண்டு: ‘அவனுக்கு வேணும்.’ என்ன செய்தான், செய்தானா இல்லையா, எதற்காகப் பிடித்தார்கள் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஜீப் வந்து நின்ற தெருவே சாட்சி. என் சித்தப்பா மகனை மோட்டார் திருடினான் என்று கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மோட்டார் தோட்டக்காரரின் மச்சான் வீட்டில் கிடந்தது. பையன் திரும்பி வந்துவிட்டான். அந்த வார்த்தை மட்டும் திரும்பிப் போகவில்லை. எங்க அம்மாச்சியே ‘நாம என்ன பாவம் பண்ணமோ’ என்றுதான் அழுதது.

இந்த ஒரு வார்த்தைக்கு எதிராக ஏறக்குறைய இருபது வருடம் எழுதிவந்த ஒரு தத்துவப் பேராசிரியரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எரின் கெல்லி. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர், வெள்ளைக்காரப் பெண்மணி. நான் தமிழ் எம்.ஏ. தத்துவத் துறையின் வாசல்படியை மிதித்ததில்லை. ஆனாலும் தண்டனை பற்றிய தத்துவத்தைப் படிக்க நமக்கு யாரும் தகுதிச் சான்றிதழ் தரத் தேவையில்லை. அதன் செய்முறைப் பயிற்சி எல்லாம் நம்ம உடம்பு மேலதானே நடக்குது.

கெல்லி எங்கிருந்து வருகிறார் என்பதை முதலில் பார்க்கலாம். நீதி பற்றி எழுதியவர்களில் இருபதாம் நூற்றாண்டில் அதிகம் பேசப்பட்ட ஜான் ரால்ஸின் கடைசிக்கால நூல் ஒன்றை, ‘நீதி என்பது நியாயம்’ என்ற தன் கொள்கையை அவரே திரும்பச் சொன்ன நூலை, 2001-ல் பதிப்பித்தவர் இவர். ரால்ஸின் நீதி ஒரு சுத்தமான மேஜையில் நடக்கிற பேச்சு. தான் எந்தச் சாதியில், எந்த நிறத்தில் பிறப்போம் என்று தெரியாதவர்கள் உட்கார்ந்து சமூக விதிகளைத் தீர்மானிக்கிறார்கள். நல்ல கற்பனைதான். ஆனால் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கிறவனுக்கு அந்த மேஜையில் நாற்காலி எங்கே? கெல்லிக்கே இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. வரலாற்று அநீதியை ரால்ஸின் தாராளவாதம் எப்படிச் சமாளிக்கும் என்று 2017-ல் ஒரு கட்டுரையில் கேட்கிறார். ஆசிரியர் சொன்னதையே ஓதிக்கொண்டிருக்கிற நம் பல்கலைக்கழக மரபைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2002-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் விஷயமே ‘அவனுக்கு வேணும்’ என்கிற எண்ணம் இல்லாமல் அறத்தைப் பேச முடியுமா என்பதுதான். அது வளர்ந்து 2018-ல் ஹார்வர்டு வெளியீடாக ‘த லிமிட்ஸ் ஆஃப் ப்ளேம்’ என்ற நூலாயிற்று. ‘பழிசுமத்தலின் எல்லைகள்’ என்று தமிழில் சொல்லலாம்.

இவர் யாரோடு மோதுகிறார் என்று தெரிந்தால்தான் நூலின் கனம் புரியும். எதிரே நிற்பவர் கான்ட். 1797-ல் அவர் சொன்ன உதாரணம் தத்துவ வகுப்புகளில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தீவில் வாழும் மக்கள் தங்கள் சமூகத்தையே கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போக முடிவெடுக்கிறார்கள். அப்போதும் சிறையில் கிடக்கிற கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறார். யாருக்கும் இனி அவனால் ஆபத்தில்லை, யாரும் பார்த்துப் பயப்படப் போவதுமில்லை. ஆனாலும் அவனுக்குச் சேரவேண்டியது சேரணும். தீவையே காலி பண்ணிட்டுப் போறவன் தூக்குமரத்துக்கு மட்டும் ஒரு வேலை வச்சிட்டுப் போறான் பாருங்க!

இன்னொரு பக்கம், மனிதனுக்குச் சுயவிருப்பம் என்பதே கிடையாது, எல்லாம் காரணகாரியச் சங்கிலி, ஆகவே யாரையும் தண்டிக்கத் தகுதியானவர் என்று சொல்ல முடியாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். டெர்க் பெரபூம் 2001-ல் சுயவிருப்பம் இல்லாமல் வாழ்வது பற்றியே ஒரு புத்தகம் போட்டார். கெல்லி இந்த வழியில் போகவில்லை. போகாததுதான் அவர் கெட்டிக்காரத்தனம். மனம் சுதந்திரமானதா, சங்கிலியில் கட்டுண்டதா என்று முடிவாகும்வரை சிறைக்குள் இருக்கிறவன் காத்திருக்க முடியாது.

அவர் கேட்பது மிகச் சாதாரணமான கேள்வி. கோர்ட்டு ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும்போது எதைப் பார்க்கிறது? செயலைச் செய்தானா, தெரிந்து செய்தானா, வேண்டுமென்று செய்தானா. அவ்வளவுதான். அவனுக்கு மனநோய் இருந்ததா, எந்த வறுமையில் வளர்ந்தான், அடியும் உதையும் தவிர வேறு எதைப் பார்த்தான், அவன் இடத்தில் இருந்த ஒருவனிடம் வேறுமாதிரி நடந்துகொள் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்பதையெல்லாம் சட்டம் கிட்டத்தட்ட வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முழுப் பைத்தியம் என்று நிரூபித்தால் ஒழிய உள்ளே விடாது. அப்படியானால் ‘குற்றவாளி’ என்ற சட்டத் தீர்ப்பும் ‘கெட்டவன்’ என்ற அறத் தீர்ப்பும் ஒன்றல்ல. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்ல அரசுக்கு அருகதை கிடையாது. தண்டனைக்கு ஏதாவது நியாயம் இருந்தால், பிறருக்கு நேரும் தீங்கைக் குறைப்பது என்ற அளவில்தான் இருக்க முடியும். அதற்கும் அந்த அரசு தன் குடிமக்களுக்கு நியாயமான வாழ்வு வாய்ப்பைக் கொடுத்திருக்க வேண்டும். பழி சுமத்துவது கட்டாயமும் அல்ல. நியாயமாகப் பழிக்கக்கூடிய இடத்தில்கூட, பழிக்காமல் விட நமக்கு உரிமை உண்டு என்கிறார்.

அந்த நாட்டில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் சிறைகளில் இருக்கிறார்கள். தண்டனைகளில் 100-க்கு 90-க்கும் மேல் விசாரணையே நடக்காமல், பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து வாங்கப்படுபவை. கறுப்பின மக்களின் பங்கு அவர்கள் ஜனத்தொகைப் பங்கைவிட மிக அதிகம். இந்தப் பின்னணியில் ஒரு பேராசிரியர் ‘குற்றவாளி என்றால் கெட்டவன் அல்ல’ என்று நிறுவுவது வெறும் வகுப்பறை வேலை இல்லை.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒன்று சட்டென்று பிடிபடும். கான்ட் வெள்ளைக்காரனுக்குப் புதிதாகச் சொல்லியிருக்கலாம். நமக்கு இது பழைய சரக்கு. பிறப்பே தண்டனை, தண்டனை இருப்பதால் குற்றம் இருந்திருக்க வேண்டும், குற்றம் போன பிறவியில் என்று சுற்றிவளைத்துப் பூட்டிய கர்மக் கொள்கையைவிடச் சுத்தமான ‘அவனுக்கு வேணும்’ தத்துவத்தை எந்த ஜெர்மானியனும் எழுதவில்லை. சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், அப்பீல் கிடையாது. என் அம்மாச்சி அழுதது அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டுதான்.

இவ்வளவு இருந்தும் 2018 நூலில் எனக்கு ஒரு குறை. அதில் ‘குற்றமிழைத்தவர்’ என்று ஒரு பொதுப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் நடமாடுகிறது. அவருக்கு மனநோய் இருக்கிறது, வறுமை இருக்கிறது. குரல் இல்லை. அவருக்காக வாதாடுகிறார் பேராசிரியர். அவர் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல வக்கீல்தான், மறுக்கவில்லை.

அடுத்த நூலில் இது தலைகீழாகிறது. பேராசிரியர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்.

வின்ஃப்ரெட் ரெம்பர்ட் 1945-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். பெற்ற தாய் மூன்று மாதத்திலேயே பெரிய பாட்டிமுறை உறவிடம் கொடுத்துவிட, கத்பர்ட் என்ற ஊரில் பருத்திக்காட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் பேருக்கு. 1965-ல் அமெரிக்கஸ் என்ற ஊரில் குடியுரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டபோது வெள்ளையர்கள் விரட்ட, சாவியோடு நின்ற ஒரு காரை எடுத்துக்கொண்டு தப்பினார். பிடித்தார்கள். குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமல் ஒரு வருடத்துக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். 1967-ல் கழிப்பறையை அடைத்துத் தண்ணீரை வெள்ளமாக ஓடவிட்டு, வந்த டெபுடியோடு மல்லுக்கட்டி, துப்பாக்கியைப் பறித்து ஓடினார். மறுபடி சிக்கினார். கார் டிக்கியில் போட்டுக் கொண்டுபோய் மரத்தில் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அந்த டெபுடி கத்தியோடு வந்து அவர் ஆணுறுப்பில் கை வைத்தான். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது கும்பலில் ஒருவன் போதும் என்று நிறுத்தியதால் உயிர் மிஞ்சியது. தலைகீழாகத் தொங்குகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது ஷூக்கால்கள். பிற்காலத்தில் அவர் செய்த ஒரு படத்துக்கு ‘விங்டிப்ஸ்’ என்று ஒரு ஷூ வகையின் பெயரே இருக்கிறது.

அதன்பிறகு கோர்ட்டு. 27 வருடம். ரெம்பர்ட்டுக்குத்தான்! மரத்தடியில் நின்றவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. ஏழு வருடம் சங்கிலிக் கைதியாக ரோடு வெட்டினார், பள்ளம் தோண்டினார். 1865-ல் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் அடிமை வேலை வாங்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது. ‘அவனுக்கு வேணும்’ என்று சொல்லிவிட்டால் போதும், பருத்திக்காட்டிலிருந்து தப்பியவனைச் சட்டப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். எழுதப் படிக்கச் சிறையில்தான் கற்றார். தோலில் செதுக்கும் வேலையையும் ஒரு சக கைதியிடம் கற்றுக்கொண்டார். 1974-ல் விடுதலை. ரோட்டு வேலையின்போது பார்த்துப் பழகிய பேட்ஸியைக் கல்யாணம் செய்து வடக்கே போய், எட்டுப் பிள்ளைகள் பெற்று, 51 வயதில் மனைவி சொன்ன யோசனையில் தன் வாழ்க்கையைத் தோலில் செதுக்கிச் சாயமிட ஆரம்பித்தார்.

கெல்லி அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதியதுதான் ‘சேஸிங் மீ டு மை கிரேவ்’. கல்லறைவரை துரத்துவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் ரெம்பர்ட் இறந்தார். அதே வருடம் புத்தகம் வந்தது. 2022-ல் வாழ்க்கை வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு. இதில் ஆசிரியர் பெயர் ரெம்பர்ட். கெல்லியின் பெயர் ‘சொல்லக் கேட்டவர்’ என்று கீழே வருகிறது. பாண்டிச்சேரிப் பக்கத்து வீரம்மா சொல்லச் சொல்ல ஜோசியான் ரசின் எழுதி 1995-ல் பிரெஞ்சில் வந்த நூலை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் வரிசையின் அரசியல் புரியும். ரெம்பர்ட்டின் பேச்சுக்கு நடுவே கெல்லி தன் தத்துவத்தைச் செருகவில்லை. இதற்காகவே அவரை மதிக்கிறேன்.

ஆனால் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி கிளம்புகிறது, தூங்கவிடாத கேள்வி. கத்தியோடு வந்த அந்த டெபுடியை என்ன செய்வது? அவனும் ஒரு சூழலில் வளர்ந்தவன்தானே. கறுப்பரை மனிதராகப் பார்க்காத வீட்டில், சர்ச்சில், பள்ளியில் வளர்ந்தவன். அவனிடம் வேறுமாதிரி எதிர்பார்ப்பது நியாயமா என்று 2018 நூலின் அளவுகோலை வைத்தால், அவனும் நழுவிவிடுவானா? ‘த லிமிட்ஸ் ஆஃப் ப்ளேம்’ சட்டத்தால் பிடிக்கப்பட்டவனைப் பற்றி நிறையப் பேசுகிறது. சட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தவனைப் பற்றி அதில் எனக்குப் போதவில்லை.

இது நமக்கு வெறும் தத்துவச் சிக்கல் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விட்டுவிட்டது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் எஃப்.ஐ.ஆர். போடவைக்க ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து எத்தனை ராத்திரி விடிந்திருக்கிறது! அங்கே உட்கார்ந்திருக்கிற என்னிடம் வந்து, பழி சுமத்தாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று சொன்னால், போங்கம்மா, பழி சுமத்த உரிமை கிடைக்கட்டும், அப்புறம் விடலாமா என்று யோசிப்போம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

பி.எஃப். ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1962-ல் ஒரு கட்டுரையில் சொன்னது இங்கே உதவும். ஒருவர்மேல் ஒருவர் கோபித்துக்கொள்வதும் மனம் கசப்பதும் சக மனிதராக மதிப்பதன் அங்கம் என்றார். அவர் பார்க்காத பக்கம் ஒன்று உண்டு. எல்லாருடைய கோபமும் கோபமாகக் கணக்கில் வருவதில்லை. டெபுடியின் கோபம் சட்டமாயிற்று. ரெம்பர்ட்டின் கோபம் இன்னொரு குற்றமாயிற்று. பழி என்கிற இந்தச் சொத்தும் நிலம் மாதிரி ஒரு பக்கமே பட்டா போடப்பட்டிருக்கிறது. பழியைக் குறைக்கச் சொல்கிற கெல்லி, முதலில் இந்தப் பட்டாவைப் பேசியிருக்க வேண்டும்.

அவர் தத்துவத்தில் இதற்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தீங்கைத் தடுப்பது வேறு, பழிதீர்ப்பது வேறு என்று பிரித்தாரே, அந்தப் பிரிவு நமக்கும் வேண்டும். கொளுத்தியவனுக்குத் தண்டனை கேட்பது அவன் வேதனைப்படுவதைக் கண்டு குளிர அல்ல. அடுத்த குடிசை எரியக் கூடாது, நடந்தது நடந்ததுதான் என்று அரசாங்கத்துக் காகிதத்தில் எழுதப்பட வேண்டும் என்பதற்குத்தான். தூக்குத் தண்டனை வேண்டும் என்று நம் மேடைகளிலேயே முழங்குகிற தோழர்களோடு எனக்கு இதில் சண்டை உண்டு. அந்தத் தூக்குக்கயிறு கடைசியில் எந்தத் தெருப் பையன் கழுத்தை அளந்து திரிக்கப்படுகிறது என்று தெரிந்துதான் பேசுகிறோமா? ஆனால் தண்டனையைக் குறைக்கச் சொல்வதும் பழியைக் கைவிடச் சொல்வதும் ஒன்றாகாது. தோலில் அந்த மரத்தைச் செதுக்கியபோது ரெம்பர்ட் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. பழி சுமத்தினார். கெல்லியின் அடுத்த அத்தியாயம் இங்கிருந்து எழுதப்பட வேண்டும்.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் வாசித்துத் தமிழில் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் வழக்கமாக வந்து ஓரமாக உட்காருவார். மரத்துக் கதை சொல்லும்போது தலைகுனிந்தபடி இருந்தார். அப்புறம் புத்தகத்தை வாங்கி, கோடு போட்ட சட்டைக் கைதிகள் நெருக்கியடித்து நிற்கிற படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒரு கோட்டைத் தடவிவிட்டு, ‘இது ஈரத் தோல்ல தட்டுனது. காஞ்ச தோல்ல இம்புட்டு ஆழம் விழாது’ என்றார்.