22 நிமிடச் சூரியன்

விண்வெளியில் விரைந்து செல்லும் கலத்தை நிறுத்துவது எப்படி? "எஞ்சினை அணைத்தால் போதும்" என்பார்கள், நியூட்டனின் முதல் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்கள்கூட. அவர்களுக்கு 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்னும் கணிப்பொறி விளையாட்டைச் சிபாரிசு செய்கிறேன். முதல் பயணத்திலேயே கலத்தை ஏதாவதொரு கோளின்மீது மோதி நொறுக்குவீர்கள். (நானும் நொறுக்கினேன்.) பாதி வழியிலேயே எதிர்த்திசையில் உந்துவிசை கொடுக்க வேண்டும் என்பதும், 'நிற்பது' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் கோளைச் சார்ந்த திசைவேகத்தைச் சுழியாக்குவதே என்பதும் பிறகு விரல்களுக்கே விளங்கிவிடும்.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்பவர் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கிய முயற்சி இது. 'மொபியஸ் டிஜிட்டல்' என்ற சிறு நிறுவனத்தின் கைவண்ணத்தில் 2019-இல் வெளிவந்தது. 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது.

கதை இதுதான். ஒரு சிற்றூரிலிருந்து புறப்படும் விண்வெளி வீரர் நீங்கள். என்றோ அழிந்துபோன ஓர் இனத்தார் கோள்தோறும் சுவர்களில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 22 நிமிடங்களில் சூரியன் வெடிக்கிறது, எல்லாம் அழிகின்றன. உடனே பழையபடி ஊரில், நெருப்பின் அருகே கண் விழிக்கிறீர்கள். ஏன்? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுட்டுத்தள்ளப் பகைவர் இல்லை. வாங்கிச் சேர்க்கப் படைக்கலமும் இல்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு உங்களுடன் வருவது நீங்கள் அறிந்துகொண்டது மட்டுமே. நேற்று நுழைய முடியாத இடத்தில் இன்று நுழைகிறீர்கள் என்றால், வேறொரு கோளில் எதையோ படித்துப் புரிந்துகொண்டதுதான் காரணம். இதற்கு மேல் கதையைச் சொல்வது உங்களிடமிருந்து திருடுவதாகும்.

பௌதிகம் சரியா? சொந்தக் கோளின் ஆரம் 250 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் ஆரத்தில் ஏறத்தாழ 25,000-இல் ஒரு பங்கு. ஆயினும் அங்கே பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறோம். அப்படியானால் அதன் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு இருந்தாக வேண்டும்! எந்தப் பாறைக்கும் அது இயலாது. நம் சூரியனைப் போன்ற விண்மீன் வெடிப்பதும் இல்லை. அது ஊதிப் பெருத்து, இறுதியில் வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கும். வெடிப்பதற்குச் சூரியனைப்போல் சுமார் 8 மடங்கு நிறையாவது வேண்டும். இவற்றை நான் பொறுத்துக்கொள்கிறேன். வகுப்பறைப் பூகோள உருண்டையும் உண்மை அளவில் இல்லையே!

பொறுக்க முடியாதது ஒரு கல். அவ்வூர்க் காட்சிச்சாலையில் உள்ள அந்தக் குவாண்டம் கல், நீங்கள் முகத்தைத் திருப்பினால் இடம் மாறிவிடுகிறது. குவாண்டம் இயலில் 'காண்பது' என்பது கண்ணின் வேலையன்று. ஒரு காற்று மூலக்கூறு மோதினாலும், ஓர் ஒளித்துகள் பட்டுச் சிதறினாலும் கல்லின் இடம் பதிவாகிவிடும். வெளிச்சமுள்ள அறையில் எல்லாரும் கண்களை மூடிக்கொண்டாலும் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாராதபோது பொருள் இல்லை என்று நம்பும் மாணவர்களோடு ஏற்கனவே மல்லுக்கட்டுகிறேன்; இத்தனை அழகாகச் சொல்லப்பட்ட தவற்றை எப்படி மறக்கச் செய்வது? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குள் அக்கல்லின் விதி மாறுவதே இல்லை. புகைப்படமும் பார்வையாகுமா என்று ஐயுற்று, சோதித்து, விடை காணலாம். விதிதான் தவறு, அதைக் கண்டறியும் வழி சரியானதே.

முழுவதும் படித்தறிய வேண்டிய இவ்விளையாட்டில் தமிழ் இல்லை என்பது நமக்கு ஒரு தடை. இருவராக உட்காருங்கள்: ஒருவர் கலத்தை ஓட்டட்டும், மற்றவர் அகராதியும் குறிப்பேடுமாகப் பக்கத்தில் இருக்கட்டும். தானியங்கி ஓட்டியை மட்டும் நம்பாதீர்கள். வழியில் சூரியன் குறுக்கிட்டால் அது நேரே அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.