வெந்நீர்க் குழிகளும் அவற்றின் எல்லையும்

சக்தியைச் சேமிப்பது என்றவுடன் நம் எண்ணம் மின்கலங்களையே நாடுகிறது. ஆனால் உலகத்தார் இறுதியில் நுகரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி உஷ்ணமாகவே செலவாகிறது என்பதையும், அவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது என்பதையும் கருதுவோருக்கு, மின்சாரத் துறையை மட்டும் தூய்மையாக்கினால் கரியமில வாயுப் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பது எளிதில் விளங்கும். டென்மார்க் தேசத்தார் இதற்குக் கண்ட உபாயங்களுள் ஒன்று, நிலத்தில் பெருங்குழி தோண்டி, நீர் நிரப்பி, கோடையிலே அதனைச் சூடேற்றி, அவ்வுஷ்ணத்தைக் குளிர்காலத்தில் வீடுகளுக்கு அனுப்புவதாகும்.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள வோயன்ஸ் என்னும் சிற்றூரில், பழைய மணற்குழி ஒன்று 2,00,000 கன மீட்டர் நீர் கொள்ளும் களஞ்சியமாக மாற்றப்பட்டது. சுமார் 70,000 சதுர மீட்டர் பரப்புள்ள சூரியத் தகடுகள் அந்நீரைச் சூடேற்றுகின்றன. ஒரு கன மீட்டர் நீரின் உஷ்ணம் 60 பாகை உயர ஏறத்தாழ 70 கிலோவாட் மணி சக்தி வேண்டுமாதலால், இக்குழி முழுவதிலும் 1 கோடியே 40 லட்சம் கிலோவாட் மணி வரை அடங்கும் என்று கணக்கிடலாம். லித்தியம் மின்கலங்களால் இவ்வளவைச் சேமிக்க முயன்றால் அவ்வூரே கடனில் மூழ்கிவிடும்! செம்பிலுள்ள வெந்நீர் விரைவில் ஆறுவதும் அண்டாவிலுள்ளது நெடுநேரம் ஆறாதிருப்பதும் போல, கொள்ளளவு பெருகப் பெருக உஷ்ண நஷ்டத்தின் விகிதம் குறைகிறது. மேலும், காற்றாலை மின்சாரம் மிகுந்து விலை வீழும் வேளைகளில், மின்கொதிகலன் வழியே அதனை நீரில் இறக்கிவைக்கவும் இயலும்.

எனினும் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. குழிக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் படலம் நீடித்த உஷ்ணத்தால் நைந்துபோகிறது. நீரின்மேல் மிதக்கும் மூடியினுள் ஈரம் புகுந்தால் அதன் காப்புச் சக்தி குன்றுகிறது. ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டல் ஊரார் தம் குழியின் மூடியை மாற்றவே நேர்ந்தது. இவை பணத்தால் தீரும் குறைகள். தீராத குறை வேறு: 90 பாகைக்கு உட்பட்ட இந்நீரால் வீட்டைக் கதகதப்பாக்கலாமேயன்றி, 1,400 பாகைக்கு மேல் வேண்டும் சிமெண்டுச் சூளைக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை, அதனை மீண்டும் மின்சாரமாக்கவும் லாபகரமான வழியில்லை.

இம்முறையைப் புகழ்வோர் பலர் கவனியாது விடுவது இதன் அஸ்திவாரத்தை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியால் அடிபட்ட டென்மார்க், 1979இல் உஷ்ண விநியோகச் சட்டம் இயற்றி, ஊர்தோறும் வெந்நீர்க் குழாய்களைப் பரப்பியது. இன்று அந்நாட்டுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அண்மையானவை அக்குழாய்களுடன் இணைந்துள்ளன. வோயன்ஸ் குழி அந்தக் குழாய்களை நம்பியே வாழ்கிறது. அதே குழாய்களில் ஓடும் வெந்நீரின் கணிசமான பகுதி, கடல் கடந்து வரும் மரக்கட்டைத் துகள்களை எரித்துப் பெறப்படுவதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே குழாயால் பெற்ற நன்மை முழுவதையும் குழியின் கணக்கில் வரவு வைப்பது பொருந்தாது.

குளிர்நாடுகளில், குழாய் அமைப்பு ஏற்கெனவே உள்ள நகரங்கள் தயங்காது இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம். பிரிட்டனைப் போல வீட்டுக்கு வீடு தனித்தனி எரிவாயுக் கொதிகலன் வைத்திருக்கும் தேசத்தாரோ, அத்தகைய குழாய்கள் இல்லாத ஊர்களில், வீட்டுக்கு வீடு வெப்பப் பம்பு பொருத்தத் தங்கள் பணத்தை முதலில் செலவிடுவதே சிக்கனமானது.