ஃபேனைப் பார்த்து லைட் வையுங்கள்

ஃபால்ஸ் சீலிங் போடும் வீடுகளில் லைட் எங்கே வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் பேப்பரில் கோடு போட்டே முடிவு செய்துவிடுகிறார்கள். மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு என்று வரைந்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் அறையில் நடுவில் ஃபேன் ஓடுகிறது. 1200 மி.மீ. ஃபேன் என்றால் மையத்திலிருந்து இரண்டடி தூரம் இறக்கை சுற்றும். அந்த வட்டத்துக்கு மேலே டவுன்லைட் வந்துவிட்டால் இறக்கை வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். சுவரும் தரையும் ஓயாமல் படபடக்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லைட்டாக இருந்தாலும் அந்த அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடியாது. வாட், கலர், பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் 10க்கு 12 அடி அறையில் இதை அளந்து பார்த்தேன். எந்தச் சுவரிலிருந்தும் இரண்டடி தள்ளி, மூலைக்கு ஒன்றாக நான்கு லைட். ஒவ்வொன்றும் ஃபேன் மையத்திலிருந்து சரியாக ஐந்தடி தள்ளி நிற்கிறது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போதும் வெளிச்சம் அசையவில்லை. 12 வாட் லைட் ஒன்று ஏறக்குறைய 1,100 லூமென் தரும். நான்கும் சேர்ந்தால் 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு எரிவதற்குச் சமம். அந்த அளவு அறைக்கு இது தாராளம். கூடுதலாக இரண்டு லைட் போடச் சொன்னால் மறுத்துவிடலாம். அந்தப் பணத்தில் நான்கு லைட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்துத் தனி சுவிட்ச் போட்டுக்கொள்வது மேல்.

கடையில் ஒரே மாதிரி தெரியும் வட்டப் பேனல்களில் இரண்டு ஜாதி உண்டு. மெல்லியதாக இருப்பது எட்ஜ்-லிட்: எல்.இ.டி. விளிம்பைச் சுற்றி இருக்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகடு வெளிச்சத்தைப் பரப்பும். மலிவான சரக்கில் அந்தத் தகடு சில வருஷங்களில் பழுப்பேறிவிடும். சற்றுத் தடிமனான பேக்-லிட்டில் எல்.இ.டி. நேரே பின்னால் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. சீலிங்குக்குள் இடம் இருந்தால் பேக்-லிட்டைத்தான் எடுப்பேன். சி.ஓ.பி. லைட் வேறு வகை. ஆழமான குழிக்குள் எல்.இ.டி. உட்கார்ந்திருப்பதால் கண் கூசாது. ஆனால் 24, 36 டிகிரி என்று குறுகலாகத்தான் விழும். படம், அலமாரி, பூஜை அறைக்கு அது சரி. கூடத்தை முழுக்க அதை வைத்து நிரப்பினால் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சமும் நடுவில் இருட்டும்தான் மிஞ்சும்.

படுக்கையறைக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட், கூடத்துக்கும் சமையலறைக்கும் 4000 நேச்சுரல் ஒயிட். 6500 இரவில் வீட்டுக்குள் கடுமையாக இருக்கிறது. சமையலறையில் லைட்டை அறை நடுவில் வைக்காதீர்கள். மேடைக்கு நேர் மேலே வரட்டும். இல்லையென்றால் காய் நறுக்கும் கையின் மேல் நம் நிழலே விழும். அட்டையில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தக்காளியின் சிவப்பும் கீரையின் பச்சையும் எவ்வளவு தெளிகின்றன என்பது முதல் நாளே தெரியும்.

ஃபால்ஸ் சீலிங் இல்லாத கான்கிரீட் தளத்தை லைட்டுக்காகக் கொத்தவே கூடாது. உள்ளே கம்பி ஓடுகிறது. ஏற்கெனவே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் பொருந்தும் டீப் பாக்ஸ் லைட் கிடைக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் கம்பி கட்டும்போதே பாக்ஸ் எங்கே வரவேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

ஜிப்சம் போர்டில் ஓட்டை போடுமுன் ஒரு காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும். ஒட்டும் இடங்கள் ஒரே வரிசையில் வந்தால் மேலே சேனல் போகிறது என்று அர்த்தம். அதை அறுத்தால் சீலிங் தொய்யும். லைட்டை நான்கு விரல் நகர்த்திக்கொண்டால் போதும். ஹோல் சா அளவை லைட்டின் வெளிவட்டத்தை வைத்து எடுக்காமல், அட்டையில் உள்ள கட்-அவுட் அளவைப் பாருங்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதைவிட கனெக்டர் நல்லது. ஒரு அடி வயர் கூடுதலாக உள்ளே விடுங்கள். நாளை லைட்டை இறக்கிப் பார்க்க அது வேண்டும். இரண்டு ஸ்ப்ரிங் கிளிப்பையும் மேல்நோக்கி மடக்கிப் பிடித்து உள்ளே தள்ளினால் அதுவே கவ்விக்கொள்ளும். விரலை நசுக்கும் அளவுக்கு வேகமாக விரியும், கவனம்.

இந்த லைட்டுகளில் பெரும்பாலும் முதலில் போவது எல்.இ.டி. அல்ல, அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர்தான். சூடு அதன் எதிரி. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மே மாதத்தில் சீலிங்குக்கும் தளத்துக்கும் நடுவே அனல் தேங்கும். டிரைவரை லைட்டின் முதுகில் படுக்க வைக்காமல் தள்ளி வையுங்கள். தனி டிரைவர் உள்ள மாடலாக வாங்கினால், பழுதாகும்போது அதை மட்டும் மாற்றலாம். வாங்குமுன் கடையிலேயே எரியவிட்டு, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் துடிப்பது தெரிந்தால் டிரைவர் மட்டம். அதை வாங்க வேண்டாம்.