வரி முந்தி, மெட்டு பிந்தி: கே. வி. மகாதேவனின் இசையமைப்பு முறை

திரைப்பாட்டு இரண்டு வழிகளில் உருவாகிறது. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைச் சொல்ல, கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களைப் பொருத்துவது ஒரு வழி. கவிஞர் எழுதித் தந்த வரிகளுக்கு இசையமைப்பாளர் மெட்டுக் கட்டுவது மற்றொரு வழி. தமிழ்த் திரையிசையின் செழிப்பான காலமாகிய 1960களில் பெரும்பாலோர் சூழலைப் பொறுத்து இரண்டையும் கையாண்டனர். திரையுலகினர் 'மாமா' என்றும், ரசிகர்கள் 'திரையிசைத் திலகம்' என்றும் அழைத்த கே. வி. மகாதேவன் மட்டும் இரண்டாவது வழியை ஏறத்தாழ ஒரு கொள்கையாகவே கடைப்பிடித்தார். வரி கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு மெட்டு. அவர் எட்டிய உயரத்துக்கு இந்த முறை பெரிய காரணம். 1970களின் நடுவில் தமிழில் அவருடைய இடம் சுருங்கியதற்கும் அதில் பங்குண்டு.

மகாதேவன் 1918 மார்ச் 14 அன்று நாகர்கோவிலை அடுத்த கிருஷ்ணன்கோவிலில், இசைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வெங்கடாசலம் பாகவதர் கோட்டுவாத்தியக் கலைஞர். மகாதேவன் பூதப்பாண்டி அருணாசலக் கவிராயரிடம் இசை பயின்றார். நாடக மேடையிலும் சில காலம் இருந்தார். பிறகு டி. ஏ. கல்யாணத்தின் உதவியாளராகச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வந்து, 1942இல் வெளியான 'மனோன்மணி' மூலம் திரையிசையில் கால் வைத்தார். பெயர் நிலைபெற இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 'கூண்டுக்கிளி' (1954), 'டவுன் பஸ்' (1955), 'முதலாளி' (1957), 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) ஆகிய படங்கள் அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. நாடகத்தில் வசனமும் பாட்டும் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும். அந்த மேடையில் பழகிய காதுக்குச் சொல் முதலில் வருவது இயல்பே.

முறையின் உள்ளியக்கம் எளிது. தமிழ் வரியில் குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு கால அளவை வகுத்து வைத்திருக்கின்றன. எதுகையும் மோனையும் எங்கே அழுத்தம் விழ வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. மகாதேவன் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, அந்த அளவிலிருந்தே தாளத்தையும் மெட்டின் போக்கையும் எடுத்தார். அதனால் அவர் பாடல்களில் குறிலை இழுத்து நெடிலாக்குவது அரிது. சொல்லை நடுவில் உடைத்து மூச்சு விடுவதும் அரிது. மெட்டுக்கு எழுதப்படும் பாட்டில் இவ்விரண்டு விபத்துகளும் அன்றாடம் நடப்பவை.

இந்த முறையின் கடுமையான சோதனை 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் இராவணன் அவையில் வீணையோடு பாடும் காட்சி. மருதகாசி எழுதிய வரிகள் எந்தப் பொழுதுக்கு, எந்த உணர்வுக்கு எந்த ராகம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகின்றன: காலைக்குப் பூபாளம், இரக்கத்துக்கு நீலாம்பரி, போருக்குக் கம்பீர நாட்டை. பெயர் வரியில் வந்ததும் அந்த ராகம் ஒலித்தாக வேண்டும். இசையமைப்பாளருக்கு இங்கே தெரிவு ஏதும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் மட்டுமே அவர் கைவேலை தெரியும். சி. எஸ். ஜெயராமன் குரலில் அந்தத் தாவல்கள் முட்டாமல் செல்கின்றன. 'படிக்காத மேதை' (1960) வேறு வகைச் சோதனை. பேசும் படம் வருவதற்கு முன்பே மறைந்துவிட்ட பாரதியின் கண்ணன் பாட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, சீர்காழி கோவிந்தராஜனைப் பாடவைத்தார். மாற்ற முடியாத வரி அவருக்குத் தடையாகவே இல்லை.

ஏ. பி. நாகராஜன் இயக்கிய புராணப் படங்கள் இந்த முறைக்கென்றே அமைந்தவை எனலாம். 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஏமநாத பாகவதரின் செருக்கைக் காட்டும் பாட்டில் கண்ணதாசன் தோடி, தர்பார், மோகனம், கானடா என்ற ராகப் பெயர்களைச் சிலேடையாக வரிகளுக்குள் வைத்தார். மகாதேவன் அதை ராகமாலிகையாக்கி எம். பாலமுரளிகிருஷ்ணாவிடம் கொடுத்தார். அதற்குச் சிவன் தரும் பதிலை ஒரே ராகத்தில், கௌரிமனோகரியில் அமைத்து, டி. எம். சௌந்தரராஜனைப் பாடச் செய்தார். பல ராகங்களில் வித்தை காட்டியவனை ஒரே ராகத்தில் நின்று வெல்வது என்ற இந்த ஏற்பாடு கதையின் வாதத்தை இசையாகவே சொல்லிவிடுகிறது. வரிக்குப் பணிந்து போகிறவர் என்று மகாதேவனைக் குறைத்து மதிப்பிடுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது 'கந்தன் கருணை'க்காக அவருக்கே கிடைத்தது.

முறையின் இன்னொரு பலன் பாட்டு கேட்கப்பட்ட இடங்களில் தெரிந்தது. கள்ளக்குறிச்சிக்கு மேலே கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையானாலும், சமவெளியிலுள்ள சிற்றூரானாலும், திரைப்பாட்டு ஊர்ப்பொதுவில் ஒலித்தது நெடுங்காலம் ரேடியோ செட்டுக்காரர் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில்தான். குழாய் ஒலிபெருக்கி அடிநாதத்தை விழுங்கிவிடும். மனிதக் குரல் உலவும் நடுப்பகுதியைத்தான் தூரத்துக்கு அனுப்பும். வாத்திய அடுக்கை நம்பிய பாட்டு அதில் பாதியாகிவிடும். குரலும் சொல்லும் முன்னே நிற்கும் மகாதேவன் பாட்டு கிட்டத்தட்ட முழுதாகவே போய்ச் சேரும். முருகன் கோயில் விழாக்களில் 'கந்தன் கருணை' பாடல்கள் நிலைத்ததற்குப் பக்தி மட்டுமே காரணமல்ல.

சொல் மாறினால் மெட்டும் மாறும் என்பதற்கு நல்ல சான்று 'வசந்த மாளிகை' (1972). இது முந்தைய ஆண்டு வெளியான தெலுங்குப் படம் 'பிரேம நகர்' கதையே. தயாரிப்பாளர் டி. ராமாநாயுடு, இயக்குநர் கே. எஸ். பிரகாஷ்ராவ், இசை மகாதேவன் என்று மூவரும் மாறவில்லை. தெலுங்கில் ஆத்ரேயா எழுதினார், தமிழில் கண்ணதாசன். ஒரு மொழியில் வெற்றி பெற்ற மெட்டை மறுமொழியில் அப்படியே வைத்து, மேலே சொற்களை ஒட்டுவதுதான் வழக்கம், செலவும் குறைவு. மகாதேவன் முக்கியமான பாடல்களுக்குத் தமிழில் புதிதாகவே மெட்டமைத்தார். காதல் மாளிகையைக் காட்டும் இடத்துக்கு இரு மொழியிலும் இரு வேறு பாட்டுகள் கிடைத்தன. இரண்டும் நின்றன.

குறைகள் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் தொடங்குகின்றன. வரியிலிருந்து மெட்டை எடுக்கும் முறை, வரி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதைச் சொல்லித் தருவதில்லை. மகாதேவனின் சமூகப் படப் பாடல்கள் பலவற்றில் முன்னிசையும் இடையிசையும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளாகவே நின்றுவிடுகின்றன: வயலின் கூட்டம் ஒரு வரி, புல்லாங்குழல் ஒரு வரி, மீண்டும் குரல். ஒரு படத்தின் இடையிசையை இன்னொரு படத்துக்கு மாற்றி வைத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. சரணங்களும் பெரும்பாலும் ஒரே மெட்டில் திரும்ப வரும். கவிஞர் சம அளவில் எழுதித் தந்தபின் வேறுவிதமாகப் போக வாய்ப்பு குறைவு. அதே ஆண்டுகளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாடல்களில் வாத்தியங்களும் பாத்திரங்களாகிப் பேசிக்கொண்டிருந்தன. மெட்டு முதலில் வந்ததால் கண்ணதாசனே மரபு யாப்பில் எழுதியிராத நீளக் குறுக்கங்களை அங்கே எழுத நேர்ந்தது. அந்த வகைப் புதுமை மகாதேவனிடம் குறைவு.

வாத்தியப் பகுதிகளில் அவருடைய நீண்டகால உதவியாளர் புகழேந்திக்குப் பெரும் பங்குண்டு. பாடகர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இந்தப் பங்கீடு வேலையை விரைவாக்கியது. ஆனால் மெட்டும் வாத்திய அமைப்பும் இரண்டு வேலைகளாகப் பிரிந்தன. பின்னால் வந்த இளையராஜாவின் பாட்டில் இரண்டும் ஒரே தாளில் ஒரே கையால் எழுதப்பட்டவை. வேறுபாடு காதுக்குத் தெரிகிறது.

அடுத்தது கவிஞரைச் சார்ந்திருத்தல். கண்ணதாசனோ மருதகாசியோ நன்றாக எழுதிய நாளில் மகாதேவன் மெட்டு மேலே எழும்பியது. சராசரியான வரி வந்த நாளில் மெட்டும் சராசரியாகவே நின்றது. வரியை மீறி மெட்டால் பாட்டைக் காப்பாற்றும் வழக்கம் அவரிடம் அதிகமில்லை. காலதாமதமும் உண்டு. எழுதாமல் தயாரிப்பாளர்களை அழவைப்பார், எழுதி ரசிகர்களை அழவைப்பார் என்று ஆத்ரேயாவைப் பற்றித் தெலுங்குத் திரையுலகில் ஒரு சொல் உண்டு. வரி வரும்வரை இசைக்கூடம் காத்திருக்க வேண்டிய முறைக்கு இது சின்ன இடைஞ்சல் அல்ல. ஆனாலும் வேகமாகப் படமெடுப்பதில் பேர்பெற்ற சாண்டோ சின்னப்பா தேவர் 'தாய்க்குப் பின் தாரம்' (1956) தொடங்கி எம்.ஜி.ஆர். படங்களுக்கு மகாதேவனையே நாடியதைப் பார்த்தால், கவிஞர் சுறுசுறுப்பாக இருந்தால் இந்த முறையும் விரைவானதே என்று கொள்ள வேண்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) வாத்தியம் பற்றி மேலே சொன்ன குறையை ஓரளவு மறுக்கிறது. கதாநாயகன் நாதஸ்வரக் கலைஞன். பாதிப் படத்துக்கு வரியே கிடையாது. எம். பி. என். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை வைத்து மகாதேவன் படத்தைத் தாங்கினார். நாட்டியப் பாட்டுக்குச் சண்முகப்பிரியாவைத் தெரிவுசெய்து, சுசீலாவின் குரலையும் ஆட்டத்தின் சொற்கட்டையும் கதைக்குள் கட்டினார். ஆனால் கூர்ந்து பார்த்தால், இங்கே வாத்தியத்துக்கு வேலை கொடுத்தது கதை. கதை கேட்காத படங்களில் அவர் தாமாக வாத்தியத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

1970களில் தேவரின் படங்கள் சங்கர்–கணேஷிடம் போயின. நாகராஜன் குன்னக்குடி வைத்தியநாதனை நாடினார். 1976இல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தபின் மெட்டும் இடையிசையும் பின்னணி இசையும் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட பாட்டே தமிழில் அளவுகோலாயிற்று. மகாதேவன் முறைக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. எஸ். பி. பாலசுப்ரமணியத்தை 'அடிமைப்பெண்' (1969) மூலம் தமிழ் ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தவர், அடுத்த பத்தாண்டின் இறுதியில் தமிழில் பழைய தலைமுறையாகிப் போனார்.

தெலுங்கில் கதை வேறு. கே. விஸ்வநாத் இயக்கி 1980இல் வெளியான 'சங்கராபரணம்' மகாதேவனுக்கு இரண்டாம் தேசிய விருதைத் தந்தது. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் விருது பெற்றனர். அதன் பாடல்களில் ஒரு பகுதி சதாசிவ பிரம்மேந்திரர், பத்ராசலம் ராமதாசர், மைசூர் வாசுதேவாச்சாரியார் இயற்றியவை; மறுபகுதி வேட்டூரி புதிதாக எழுதியவை. முறைப்படி கர்நாடக இசை பயிலாத பாலசுப்ரமணியத்தைக் கொண்டு இவற்றைப் பாடவைப்பது சொல்லின் ஓட்டத்தை மெட்டு மீறாததால் எளிதாயிற்று. இங்கே ஒரு முரண் இருக்கிறது. தெலுங்கு தெரியாத தமிழர்களும் அந்தப் பாடல்களை மனப்பாடம் செய்தனர். சொல்லின் பொருளை விளங்கவைப்பதே இந்த முறையின் பலம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. ஆகவே வரியிலிருந்து மகாதேவன் எடுத்துக்கொண்டது பொருளைவிடச் சொல்லின் ஒலி அளவையே என்று கருத இடமிருக்கிறது. மொழி புரியாத காதுக்கும் எழுத்துகள் இயல்பாக உருளுவது இனிக்கிறது.

விஸ்வநாத்தின் 'சுவாதி கிரணம்' 1992இல் வந்தது. அதே ஆண்டில் 'ரோஜா'வும் வந்தது. ஏ. ஆர். ரகுமானுக்குப் பிறகு மெட்டையும் தாண்டி ஒலியின் நிறமே முதலில் தீர்மானிக்கப்பட்டது. சொல் கடைசியில் வந்து சேர்ந்தது. மகாதேவன் 2001 ஜூன் 21 அன்று காலமானார். திரைக்கு வெளியே, தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் மெட்டமைப்போர் இன்றும் வேறு வழியின்றி அவர் முறையிலேயே வேலை செய்கிறார்கள். மெட்டை முதலில் எழுதும் இளையராஜாவும் 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை எடுத்தபோது எழுதி முடிந்த வரியிலிருந்தே தொடங்க நேர்ந்தது. ஆனால் அங்கே புடாபெஸ்ட் இசைக்குழு குரலுக்கு இடைவெளி நிரப்பவில்லை. வரிகளுக்கு இடையில் தன் வாதத்தைத் தானே நடத்துகிறது.